கூகுளில் ஏன் வரவில்லை? வெப்சைட் ஆடிட், அடியிலிருந்து

காங்கேயம் பக்கம் மரச்செக்கு எண்ணெய் ஆட்டி விற்கும் நண்பர் ஒருவர், போன தீபாவளிக்கு முன்னால் வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் அனுப்பினார். நாற்பது பக்கத்துக்கு மேல் இருக்கும். முதல் பக்கத்தில் ஸ்பீடாமீட்டர் மாதிரி ஒரு வட்டம், அதன் நடுவில் ஆரஞ்சு நிறத்தில் 62 என்று மதிப்பெண். அடுத்தடுத்த பக்கங்களில் வரிசையாகச் சிவப்பு முக்கோணங்கள். "உங்கள் தளத்தில் 118 பிழைகள் உள்ளன" என்று ஒரு வரி. கடைசிப் பக்கத்தில், அதையெல்லாம் சரிசெய்து தர ஆகும் கட்டணம். பின்னாலேயே அவருடைய குரல்செய்தியும் வந்தது: "ஏனுங்க, இதுல எதை மொதல்ல பண்றதுங்க? கடைப் பேரை அடிச்சாக்கூட கூகுள்ல வரமாட்டேங்குது."

எதை முதலில் பண்ணுவது என்ற அந்தக் கேள்விக்குத்தான் அறிக்கையில் பதில் இல்லை. 118 பிழைகளும் ஒரே சிவப்பில், ஒரே அளவு எழுத்தில் இருந்தன.

வெப்சைட் ஆடிட் என்றால் இப்படி ஒரு அறிக்கை எடுப்பது என்று பரவலாக நினைக்கப்படுகிறது. (தணிக்கை என்று தமிழில் எழுதினால் சென்சார் போர்டு ஞாபகம் வந்துவிடுகிறது. அதனால் ஆடிட் என்றே வைத்துக்கொள்கிறேன்.) ஒரு தளம் தேடுபொறியின் கண்ணில் ஏன் படவில்லை, பட்டாலும் ஏன் பின்னால் நிற்கிறது என்று காரணம் கண்டுபிடிப்பதுதான் ஆடிட். அந்த வேலையில் மென்பொருள் தரும் அறிக்கை ஒரு சிறு பகுதி.

வீட்டுக் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை என்று வையுங்கள். விவரம் தெரிந்த பிளம்பர் முதலில் மாடிக்குப் போய்த் தொட்டியைத் திறந்து பார்ப்பார். தொட்டி காலியென்றால் மோட்டார் ஓடுகிறதா என்று பார்ப்பார். மோட்டாரும் ஓடுகிறதென்றால் கிணற்றில் நீர் இருக்கிறதா என்று பார்ப்பார். தொட்டி நிறைந்திருந்தால்தான் கீழே வந்து குழாயையும் வாஷரையும் தொடுவார். குழாயில் உப்புக்கறை படிந்திருப்பதும் உண்மைதான், அதையும் சுத்தம் செய்யலாம். ஆனால் தண்ணீர் வராததற்கு அது காரணமில்லை. ஆடிட்டும் இப்படி ஓர் ஒழுங்கில் போகிற வேலை. அந்த ஒழுங்கு எங்கிருந்து வருகிறது என்று தெரிய, தேடுபொறி எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

## கூகுள் தேடுவது எங்கே?

நாம் ஒரு சொல்லை அடித்ததும் கூகுள் இணையம் முழுக்க ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருகிறது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அரை நொடியில் அதெல்லாம் நடக்கிற காரியமில்லை.

சங்க இலக்கியப் பதிப்புகள் சிலவற்றின் கடைசியில் சொல்லடைவு என்று ஒரு பகுதி இருக்கும். எந்தச் சொல் எந்தப் பாட்டில், எத்தனையாவது அடியில் வருகிறது என்று அகர வரிசையில் அடுக்கியிருப்பார்கள். 'வேங்கை' எங்கெல்லாம் வருகிறது என்று தெரிய நூல் முழுவதையும் புரட்ட வேண்டாம், அடைவில் அந்த ஒரு சொல்லைப் பார்த்தால் போதும். யாரோ ஒருவர் முன்பே உட்கார்ந்து எல்லாப் பாட்டையும் படித்து அந்த வேலையைச் செய்து வைத்திருக்கிறார்.

கூகுளிடம் இருப்பது இணையத்துக்கான ஒரு பிரம்மாண்டமான சொல்லடைவு. அதற்கு இன்டெக்ஸ் என்று பெயர். நாம் தேடும்போது கூகுள் புரட்டுவது அந்த அடைவைத்தான். நம் தளத்துக்கு அது எப்போதோ வந்து போயிருக்கும். அன்று பார்த்ததை வைத்துத்தான் இன்று பதில் சொல்கிறது.

இந்த வேலையில் மூன்று கட்டங்கள் உண்டு. முதலில் கூகுள்பாட் என்ற தானியங்கி நிரல் லிங்க் விட்டு லிங்க் தாவி ஒவ்வொரு பக்கமாக வந்து படிக்கிறது. இதைக் கிரால் என்பார்கள். இரண்டாவதாக, படித்ததில் வைத்துக்கொள்ளத் தக்கது எது என்று முடிவு செய்து இன்டெக்ஸில் சேர்க்கிறது. மூன்றாவதாக, யாராவது தேடும்போது பொருத்தமானவற்றை எடுத்து முன்பின்னாக அடுக்கிக் காட்டுகிறது. ரேங்க், ரேங்க் என்று எல்லோரும் பேசுவது இந்த மூன்றாவது கட்டத்தை. லாரி பேஜும் செர்கே பிரினும் 1998-ல் கூகுளைத் தொடங்கியபோது ஒரு பக்கத்துக்கு யார் யார் லிங்க் கொடுத்திருக்கிறார்கள் என்பதை வைத்து அடுக்கினார்கள். அதுதான் அன்று அவர்களுடைய புதுமை. இன்று லிங்க்கோடு எத்தனையோ காரணிகள் சேர்ந்திருக்கின்றன.

அதாவது, வந்து படிக்காத பக்கம் அடைவில் ஏறாது, அடைவில் ஏறாத பக்கத்துக்கு ரேங்க் என்ற பேச்சே கிடையாது. ஆடிட் இந்த வரிசையிலேயே போக வேண்டும் என்பது இதனால்தான்.

## உள்ளே வர வழி இருக்கிறதா?

ஒவ்வொரு தளத்தின் வாசலிலும் ரோபோட்ஸ் டாட் டிஎக்ஸ்டி (robots.txt) என்று ஒரு சிறு கோப்பு இருக்கலாம். தானியங்கி நிரல்கள் எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். 1994-ல் மார்டைன் கோஸ்டர் என்பவர் முன்வைத்த ஏற்பாடு இது. கூகுளே பிறக்காத காலம். முறையான இணையத் தரமாக அது பதிவானதோ 2022-ல்தான். அதுவரை 28 வருடம் வெறும் ஒப்பந்தமாகவே ஓடியிருக்கிறது. இன்றும் அது பூட்டு இல்லை, "உள்ளே வராதீர்கள்" என்று எழுதி மாட்டிய பலகைதான். கூகுள் மாதிரியான பெரிய தேடுபொறிகள் மதிக்கும், திருட்டு நிரல்கள் மதிக்காது.

தளத்தை உருவாக்கும்போது டெவலப்பர் "யாரும் உள்ளே வர வேண்டாம்" என்று அந்தக் கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டு, வெளியிடும்போது எடுக்க மறந்துபோவது நிறைய நடக்கிறது. தளத்தின் முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு அந்தக் கோப்பின் பெயரை அடித்தால் யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கலாம். பார்த்து முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

அடுத்தது சைட்மேப். நம் தளத்தில் என்னென்ன பக்கங்கள் இருக்கின்றன என்று கூகுளுக்குக் கொடுக்கும் பட்டியல். ஒரு கோப்பில் 50,000 முகவரிகள் வரை போடலாம், கடைக்காரருக்கு அது ஏழு தலைமுறைக்குப் போதும். இதில் ஒரு தவறான நம்பிக்கை உண்டு: பட்டியல் கொடுத்துவிட்டால் எல்லாம் அடைவில் ஏறிவிடும் என்பது. கல்யாணப் பத்திரிகை வைத்ததாலேயே எல்லோரும் வந்துவிடுகிறார்களா என்ன? தளத்துக்குள் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு லிங்க் இருக்கிறதா என்பதற்குத்தான் கனம் அதிகம். எந்தப் பக்கத்திலிருந்தும் லிங்க் இல்லாமல் சைட்மேப்பில் மட்டும் தனியாகக் கிடக்கும் பக்கத்தை அநாதைப் பக்கம் என்பார்கள். நீங்களே லிங்க் கொடுக்காத பக்கத்தை முக்கியமானது என்று கூகுள் எதற்கு நம்ப வேண்டும்?

சர்வர், அதாவது தளத்தை வைத்திருந்து கேட்பவருக்கு எடுத்துக்கொடுக்கும் கணினி, என்ன பதில் சொல்கிறது என்றும் பார்க்க வேண்டும். பக்கம் கேட்டு யார் வந்தாலும் சர்வர் ஒரு மூன்றிலக்க எண்ணைச் சொல்லும். 200 என்றால் "இந்தாருங்கள்". 301 என்றால் "நிரந்தரமாக வேறு முகவரிக்குப் போய்விட்டது". 404 என்றால் "அப்படி எதுவும் இங்கே இல்லை". 500-ல் தொடங்கினால் சர்வருக்கே உடம்பு சரியில்லை. பொதுவாக ஆடிட் அறிக்கைகள் 404-ஐப் பார்த்துக் கூப்பாடு போடும். விற்று முடித்து நீக்கிய பொருளின் பக்கம் 404 சொல்வது இயல்பு, அதனால் மற்ற பக்கங்களுக்குக் கெடுதல் ஏதும் இல்லை என்று கூகுளே சொல்லியிருக்கிறது. தளத்துக்குள்ளிருந்தே செத்த முகவரிகளுக்கு லிங்க் போகிறது என்றால்தான் கவனிக்க வேண்டும். பக்கத்தில் ஒன்றுமே இல்லாமல் "மன்னிக்கவும்" என்று மட்டும் எழுதிவிட்டு 200 சொல்லும் சர்வர்கள் இதைவிட மோசம். கடை பூட்டியிருக்கிறது, வெளியே 'திறந்திருக்கிறது' பலகை தொங்குகிறது என்பது போல.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். கூகுள்பாட் உங்கள் தளத்தைப் பெரும்பாலும் ஸ்மார்ட்ஃபோன் வடிவத்தில்தான் பார்க்கிறது. 2016-ல் அறிவித்து, 2023-ல் முடித்த மாற்றம் அது. கம்ப்யூட்டரில் தெரிகிற விலைப்பட்டியல் மொபைல் வடிவத்தில் இல்லையென்றால் கூகுளைப் பொறுத்தவரை அது இல்லவே இல்லை. பட்டனை அமுக்கினால்தான் தகவல் ஏற்றப்படும் என்று அமைத்திருந்தாலும் இதே கதிதான். கூகுள்பாட் பட்டனை அமுக்காது.

## வந்தது சரி, ஏறியதா?

இங்கேதான் நண்பரின் தளம் மாட்டிக்கொண்டிருந்தது.

இன்டெக்ஸில் சேர்க்க வேண்டாம் என்று ஒரு பக்கமே கூகுளிடம் சொல்ல முடியும். பக்கத்தின் தலைப்பகுதியில், பார்வையாளர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், நோஇன்டெக்ஸ் என்று ஒரு குறிப்பு இருந்தால் போதும். வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் அமைத்த தளங்களில் இதைத் தளம் முழுவதற்கும் போட ஒரே ஒரு டிக் போதும். செட்டிங்ஸ் போய், ரீடிங் என்ற பகுதியில், கிட்டத்தட்டக் கடைசியில் இருக்கும் ஒரு சின்னக் கட்டம்: இந்தத் தளத்தை இன்டெக்ஸ் செய்ய வேண்டாம் என்று தேடுபொறிகளைக் கேட்டுக்கொள்ளும் கட்டம். புது வடிவமைப்பு செய்துகொடுத்தவர், வேலை முடியும்வரை யாரும் பார்க்க வேண்டாம் என்று டிக் செய்திருக்கிறார். செய்தது நியாயம்தான். எடுக்க மறந்ததுதான் கோளாறு. இதில் வேடிக்கை, அந்த நாற்பது பக்க அறிக்கையிலும் இது இருந்தது. இருபத்தொன்பதாம் பக்கத்தில், படங்களுக்கு மாற்று உரை (படத்தில் என்ன இருக்கிறது என்று எழுத்தில் சொல்லும் குறிப்பு) இல்லை என்பதற்கும் தலைப்பு நீளம் அதிகம் என்பதற்கும் நடுவில் ஒரு வரி.

ரோபோட்ஸ் கோப்பையும் நோஇன்டெக்ஸையும் ஒன்றென்று நினைப்பவர்கள் தொழிலில் இருப்பவர்களிலேயே உண்டு. இரண்டும் வேறு. ரோபோட்ஸ் கோப்பு "உள்ளே வந்து படிக்காதே" என்கிறது. நோஇன்டெக்ஸ் "படித்துக்கொள், பதிவேட்டில் ஏற்றாதே" என்கிறது. ஒரு பக்கத்தைக் கூகுளில் இருந்து நீக்க ஆசைப்பட்டு இரண்டையும் சேர்த்துப் போட்டால் என்ன ஆகும்? உள்ளே வராதே என்று வாசலிலேயே நிறுத்திவிட்டதால், உள்ளே எழுதியிருக்கும் நோஇன்டெக்ஸைக் கூகுள் பார்க்கவே பார்க்காது. வேறு தளங்களில் அந்த முகவரிக்கு லிங்க் இருந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே முகவரியை மட்டும் தேடல் முடிவில் காட்டிவிடவும் வாய்ப்பு உண்டு. மறைக்க நினைத்தது வெளியே தெரிந்துவிடும்.

பக்கம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சரியான இடம் சர்ச் கன்சோல். தளத்தின் உரிமையாளர்களுக்காகக் கூகுள் இலவசமாகத் தரும் கருவி. தளம் உங்களுடையதுதான் என்று நிரூபித்துவிட்டால், எந்தப் பக்கம் ஏறியிருக்கிறது, எது ஏறவில்லை, ஏன் ஏறவில்லை என்று சொல்லும். ஒரு பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால் கூகுள் கடைசியாக எப்போது வந்தது, என்ன பார்த்தது என்பதும் தெரியும். ஆடிட் செய்து தருகிறேன் என்று யாராவது வந்தால், இதைத் திறந்து பார்க்க அனுமதி கேட்கிறாரா என்று கவனியுங்கள். கேட்காமலே அறிக்கை கொடுக்கிறவர் நோயாளியைத் தொடாமல் மருந்து எழுதுகிறார்.

சர்ச் கன்சோலில் பலரைக் குழப்பும் ஒரு வாசகம் உண்டு: "கிரால் செய்யப்பட்டது, தற்போது இன்டெக்ஸ் செய்யப்படவில்லை". தொழில்நுட்பக் கோளாறு என்று நினைத்து டெவலப்பரைப் பிடித்து உலுக்குவார்கள். கூகுள் வந்திருக்கிறது, படித்திருக்கிறது, இப்போதைக்கு வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறது, அவ்வளவுதான். பெரும்பாலும் அந்தப் பக்கத்தில் சரக்கு இல்லை, அல்லது அதே சரக்கு வேறு பக்கத்தில் இருக்கிறது.

## ஒரே பக்கம், பல முகவரிகள்

அதே சரக்கு எப்படி இரண்டு இடத்தில் வருகிறது? எழுதியவர் செய்ததாகவே இருக்க வேண்டியதில்லை. முன்னால் மூன்று டபிள்யூ போட்டும் போடாமலும், பாதுகாப்பான இணைப்பிலும் பழைய இணைப்பிலும் என ஒரே முகப்புப் பக்கம் நாலு முகவரிகளில் திறக்கும் தளங்கள் இன்னும் இருக்கின்றன. விலை வரிசை, அளவு வரிசை என்று வாடிக்கையாளர் பட்டியலை மாற்றி அடுக்கும் ஒவ்வொரு முறையும் முகவரியின் வால் மாறும். நமக்கு அது ஒரே பக்கம், நிரலுக்கு வெவ்வேறு பக்கங்கள். "இவற்றில் மூலம் இதுதான்" என்று சொல்லும் குறிப்புக்குக் கெனானிகல் என்று பெயர். 2009-ல் கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து கொண்டுவந்தது. கூகுள் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளாது, பலமான பரிந்துரையாக எடுத்துக்கொள்ளும். இதில் தெரிந்துகொள்ள வேண்டியது: ஒரே உள்ளடக்கம் தளத்துக்குள் இரண்டு இடத்தில் இருந்தால் தண்டனை என்று ஊரெல்லாம் பேச்சு, அப்படித் தண்டனை எதுவும் இல்லை. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் காட்டாமல் விடும். நமக்கு வேண்டியதை விட்டுவிட்டு வேண்டாததை வைத்துக்கொண்டால்தான் சங்கடம்.

தமிழில் முகவரி வைப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். 'தமிழ்' என்ற சொல்லை முகவரிப் பட்டையில் பார்க்கும்போது அழகாகத்தான் இருக்கும். அதை நகலெடுத்து வேறோர் இடத்தில் ஒட்டினால் சில சமயம் சதவீதக் குறியும் எழுத்தும் எண்ணுமாக 45 குறிகளாக விரிந்துவிடும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் பொதுவான முறையான யூனிகோடில் அந்தச் சொல்லுக்கு ஐந்து குறிகள் (த, ம, இகரக் குறி, ழ, புள்ளி), ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் மூன்று குறியாகிறது. கூகுளுக்கு இது ஒரு பொருட்டில்லை, சரியாகப் படித்துக்கொள்ளும். வாட்ஸ்அப்பில் பகிரும் மனிதர்கள்தான் வைரஸ் லிங்க்கோ என்று பயப்படுவார்கள். தமிழ்த் தளமே ஆனாலும் முகவரியை ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வைப்பது என் வழக்கம். தமிழிலேயே இருந்துவிட்டால் அதற்காக மாற்றவும் வேண்டாம்.

இதுவரை பார்த்தது தொட்டியும் மோட்டாரும். கூகுள் உள்ளே வர முடிகிறது, வந்ததை ஏற்ற முடிகிறது, எதை ஏற்றுவது என்பதில் குழப்பமில்லை. இவ்வளவும் சரியென்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மற்ற பாதிக்கு மென்பொருள் மட்டும் போதாது.

## பக்கத்தில் என்ன இருக்கிறது?

உள்ளடக்க ஆடிட் என்றதும் கீவேர்டு எத்தனை முறை வருகிறது என்று எண்ணத் தொடங்குவார்கள். கீவேர்டு என்றால் தேடுபவர் அடிக்கும் சொல். பக்கத்தின் தலைப்பகுதியில் கீவேர்டுகளை அடுக்கி வைக்கும் பழைய மெட்டா கீவேர்ட்ஸ் குறிப்பை ரேங்குக்காகப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. இன்றும் அதை நிரப்பித் தரக் காசு வாங்குகிறார்கள்.

நான் செய்வது இதுதான். ஒரு எக்செல் தாளைத் திறந்து, தளத்தின் எல்லாப் பக்கங்களையும் ஒரு வரிக்கு ஒன்றாகப் போடுவேன். ஸ்க்ரீமிங் ஃப்ராக் என்ற மென்பொருள் 500 முகவரிகள் வரை இலவசமாகவே திரட்டித் தரும். சிறு தளத்துக்கு அது போதும். பக்கத்திலேயே சர்ச் கன்சோலிலிருந்து இரண்டு எண்கள்: இம்ப்ரெஷன், அதாவது தேடல் முடிவில் எத்தனை முறை அந்தப் பக்கம் காட்டப்பட்டது, அப்புறம் க்ளிக், அதாவது எத்தனை பேர் உள்ளே வந்தார்கள். கடந்த 16 மாதம் வரை தரவு கிடைக்கும். எண்ணெய் மாதிரி பண்டிகைக்கு விற்கும் பொருளுக்கு ஒரு வருடமாவது எடுத்துப் பார்க்க வேண்டும். ஆடி மாதக் கணக்கை ஐப்பசி மாதக் கணக்கோடு ஒப்பிட்டு அலறக்கூடாது.

அடுத்து, ஒவ்வொரு பக்கத்தையும் மனிதன் படிப்பது போலப் படிப்பது. குறுக்குவழி கிடையாது. நண்பரின் தளத்தில் அறுபது சொச்சம் பக்கங்கள், இரண்டு மாலை ஆனது. படித்துவிட்டு ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு முடிவு எழுதுவேன்: அப்படியே இருக்கட்டும், திருத்து, இன்னொன்றோடு சேர், எடுத்துவிடு.

'சேர்' என்ற முடிவுக்கு அவர் தளத்தில் நல்ல உதாரணம் இருந்தது. யாரோ சொன்னார்கள் என்று ஈரோட்டில் மரச்செக்கு எண்ணெய், கோவையில் மரச்செக்கு எண்ணெய், கரூரில், திருப்பூரில் என்று பதினோரு பக்கங்கள். ஊர்ப் பெயரைத் தவிர எழுத்துக்கு எழுத்து ஒன்றே. இப்படித் தேடலுக்கு வலை விரிக்க மட்டுமே செய்யும் பக்கங்களைக் கூகுள் வாயில் பக்கங்கள் என்ற பெயரில் தன் ஸ்பாம் விதிகளில் சேர்த்திருக்கிறது. பதினொன்றையும் ஒரே பக்கமாக்கி, எந்தெந்த ஊருக்கு எத்தனை நாளில் அனுப்புகிறார், எவ்வளவு கூரியர் கட்டணம் என்று ஓர் அட்டவணை போட்டோம். பழைய முகவரிகளிலிருந்து புதியதற்கு 301 வைத்தோம். வீடு மாறினால் தபால் நிலையத்தில் புது விலாசம் கொடுத்துவைப்பது மாதிரிதான் அது.

'திருத்து' பட்டியலில் முதலில் வந்தது விலைப்பட்டியல் பக்கம். அதில் எழுத்தே இல்லை. டிசைனர் செய்துகொடுத்த அழகான ஒரு போஸ்டர் மட்டும் படமாக இருந்தது. கடலெண்ணெய் லிட்டர் என்ன விலை என்பது அந்தப் படத்துக்குள் இருக்கிறது. படத்தில் இருக்கும் எழுத்தைப் பக்கத்தின் உரை மாதிரி தேடுபொறி எடுத்துக்கொள்ளும் என்று நம்பக்கூடாது. தமிழ்க் கடைகளின் தளங்களிலும் கோவில், சங்கத் தளங்களிலும் இது ஒரு தொற்றுநோய். இதற்கு அண்ணன் முறை, பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்து ஏற்றிய பக்கங்களும் பிடிஎஃப்களும். திரையில் தமிழாகத் தெரியும், உள்ளே ஆங்கில எழுத்துகளின் குவியல்தான் இருக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் யூனிகோடு, பொருளற்ற ஆங்கில எழுத்தாக வந்தால் கூகுளுக்கும் அப்படித்தான் தெரிகிறது.

அப்புறம் இம்ப்ரெஷன் நிறைய, க்ளிக் மிகக் குறைவு என்று இருக்கும் பக்கங்கள். ஒன்று, முதல் பக்கத்துக்கு வராமல் எங்கோ பின்னால் நிற்கிறது. அல்லது, முன்னால் நின்றும் தலைப்பு யாரையும் கூப்பிடவில்லை. நல்லெண்ணெய்ப் பக்கத்தின் தலைப்பு 'ப்ராடக்ட் 3' என்று இருந்தது. யார் வருவார்கள்? பக்கத்தின் தலைப்பு தேடல் முடிவில் நீல எழுத்தில் தெரிவது. ரேங்குக்கும் உதவும், ஆளைக் கூப்பிடவும் உதவும். அதன் கீழே வரும் இரண்டு வரி விவரத்துக்கு மெட்டா டிஸ்கிரிப்ஷன் என்று பெயர். அது ரேங்கை உயர்த்தாது, பல நேரம் கூகுள் அதை விட்டுவிட்டுப் பக்கத்திலிருந்து தானாகவே வேறு வரியை எடுத்துப் போட்டுக்கொள்ளும்.

சர்ச் கன்சோலில் நான் அதிக நேரம் செலவழிப்பது மக்கள் அடித்த சொற்களின் பட்டியலில். தமிழ் வாடிக்கையாளர்கள் தமிழ் எழுத்தில் மட்டும் தேடுவதில்லை. ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பார்கள், அதிலும் எண்ணெயை ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுவார்கள். பட்டியலில் அத்தனை வகையும் கிடந்தது. அதற்காக எல்லா எழுத்துப்பிழைகளையும் பக்கத்தில் கொட்ட வேண்டியதில்லை. என்ன தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள் என்று பார்ப்பதுதான் பயன். சொற்களுக்கு நடுவே கேள்விகள் இருக்கும். கேள்விகளுக்குப் பதில் தளத்தில் இருக்கிறதா என்று பார்த்தால், பெரும்பாலும் இருக்காது. 'நாங்கள் தரமான முறையில் தயாரிக்கிறோம்' என்று மட்டும் ஆறு இடத்தில் இருக்கும்.

எத்தனை வார்த்தை எழுதினால் ரேங்க் வரும் என்று கேட்பார்கள். அப்படி ஓர் எண் கிடையாது. 2011-ல் பாண்டா என்ற பெயரில் கூகுள் கொண்டுவந்த மாற்றம், சரக்கில்லாத பக்கங்களை உற்பத்தி செய்து குவித்த தளங்களைக் கீழே தள்ளியது. 2022-ல் 'உதவும் உள்ளடக்கம்' என்று இன்னொன்று வந்து, 2024 மார்ச்சில் முதன்மை ரேங்க் முறையோடு கலந்துவிட்டது. பெயர்கள் மாறினாலும் கேட்பது ஒன்றைத்தான்: இந்தப் பக்கம் தேடலுக்காக எழுதப்பட்டதா, ஆளுக்காக எழுதப்பட்டதா? உள்ளடக்கத்தை மதிப்பிடக் கூகுள் தன் மதிப்பீட்டாளர்களுக்குத் தரும் வழிகாட்டியில் நிபுணத்துவம், அதிகாரம், நம்பகம் என்று மூன்று இருந்தது. 2022 டிசம்பரில் அனுபவம் என்று நான்காவதையும் சேர்த்தார்கள். இது மதிப்பெண் இல்லை, எந்தக் கருவியாலும் அளந்து சொல்ல முடியாது. சொந்தமாகச் செய்து பார்த்தவர் எழுதியதா என்று பார்ப்பதற்கான ஒரு கண், அவ்வளவே.

## வேகம் என்கிற விவகாரம்

வேகத்துக்குக் கூகுள் மூன்று அளவுகள் வைத்திருக்கிறது. மூன்றுக்கும் சேர்த்துக் கோர் வெப் வைட்டல்ஸ் என்று பெயர். பக்கத்தின் பெரிய பகுதி கண்ணுக்குத் தெரிய 2.5 நொடிக்குள் ஆக வேண்டும். தொட்டால் 200 மில்லி நொடிக்குள் ஏதாவது அசைய வேண்டும். மூன்றாவது, படித்துக்கொண்டிருக்கும்போது பக்கம் துள்ளக்கூடாது. செய்தித் தளத்தில் ஒரு லிங்க்கைத் தொடப்போகும் கணத்தில் மேலே விளம்பரம் முளைத்து, விரல் வேறெங்கோ பட்டு, ரம்மி விளையாட்டு திறந்து எரிச்சல் வந்திருக்கும் இல்லையா, அந்தத் துள்ளலுக்கும் எண் உண்டு. அது 0.1-க்குள் இருக்க வேண்டும். வந்தவர்களில் நூற்றுக்கு 75 பேருக்கு இவை சரியாக இருந்தால் தேர்ச்சி.

வேகத்தை அளக்கக் கூகுள் தரும் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் கருவியில் தெரியும் நூற்றுக்கு இத்தனை என்ற பெரிய எண் ஒரு சோதனைச்சாலைக் கணக்கு. கூகுள் ரேங்குக்கு எடுத்துக்கொள்வது அதற்கு மேலே இருக்கும், உண்மையான மனிதர்களின் குரோம் பிரவுசரிலிருந்து 28 நாட்களுக்குத் திரட்டிய தரவை. பெரிய எண்ணை 100 ஆக்கித் தருகிறேன் என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கடைத் தளங்களில் பாதிக் கோளாறு, போனில் எடுத்த ஐந்து எம்பி புகைப்படத்தை அப்படியே ஏற்றுவதால் வருவது. படத்தைச் சுருக்கி ஏற்றினாலே தளம் மூச்சு விடும்.

## அறிக்கையில் கிடந்த மற்றவை

118-ல் மீதி என்ன? ஒரு பக்கத்தில் இரண்டு பெரிய தலைப்புகள் இருக்கின்றன என்றது. இருக்கட்டும், கூகுளுக்கு அதில் சிக்கலில்லை. பக்கத்தின் பின்னாலிருக்கும் நிரல் வரிகளோடு ஒப்பிட்டால் படிக்கும் உரையின் விகிதம் குறைவு என்றது. அப்படி ஒன்றைக் கூகுள் பார்ப்பதே இல்லை. டொமைன் அதாரிட்டி 7 என்றது. அது தளத்தின் செல்வாக்கு இவ்வளவு என்று மாஸ் என்ற நிறுவனம் தானே கணித்துத் தரும் எண், கூகுளுடையது இல்லை. நச்சு லிங்க்குகள் வந்திருக்கின்றன, நீக்க வேண்டும் என்று சிவப்பில் எச்சரித்தது. பிற தளங்களிலிருந்து நமக்கு வரும் லிங்க்கைப் பேக்லிங்க் என்பார்கள். காசு கொடுத்து வாங்கியிருந்தாலொழிய, எங்கிருந்தோ வரும் குப்பை லிங்க்குகளைக் கூகுள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. படங்களுக்கு மாற்று உரை இல்லை என்றது மட்டும் நியாயம். பார்வையற்றவர்களின் திரைவாசிப்பான்கள் அதைத்தான் படிக்கும், ரேங்க் இருக்கட்டும், அதற்காகவே எழுத வேண்டும்.

## நண்பரின் தளம் என்ன ஆனது?

டிக்கை எடுக்க அரை நிமிடம் ஆனது. சர்ச் கன்சோலில் முகப்புப் பக்கத்தைக் கொடுத்து மீண்டும் இன்டெக்ஸ் செய்யச் சொன்னோம். நாலாம் நாள் கடைப் பெயரை அடித்தால் வந்தது. அவருக்கு அதுவே போதும் போல இருந்தது. 'மரச்செக்கு எண்ணெய்' என்று பொதுவாகத் தேடினால் இன்னும் வெகு பின்னால்தான் இருக்கிறார். அந்த வரிசையில் பல வருடமாக நிற்பவர்கள் இருக்கிறார்கள், ஒரு மாதத்தில் முந்த முடியாது என்று சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்துத் தேடல் சொற்களின் பட்டியலை மறுபடி எடுத்தோம். நல்லெண்ணெய் ஆட்டும்போது கருப்பட்டி ஏன் சேர்க்கிறார்கள் என்ற கேள்வி வெவ்வேறு வடிவத்தில் பத்துப் பதினைந்து முறை வந்திருந்தது. ஒரு க்ளிக்கும் இல்லை. தளத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. "இது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"எங்க தாத்தா காலத்துல இருந்து போடறதுங்க. எள்ளு அரைபட்டு எண்ணெய் கக்கற நேரம் பார்த்துப் போடோணும். முன்னாலயே போட்டா எண்ணெய் பிரியாது" என்று ஆரம்பித்தவர், எவ்வளவு எள்ளுக்கு எவ்வளவு, பனங்கருப்பட்டி ஏன், வெல்லம் போட்டால் என்ன ஆகும் என்று நிறுத்தாமல் பேசினார். மறுநாள் செக்குக்குப் பக்கத்தில் நின்றபடியே ஆறு நிமிடக் குரல்செய்தி அனுப்பியிருக்கிறார். பின்னணியில் செக்கு ஓடும் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்.